களம் கண்டவன் வாய் திறந்தால்...

"துரோகி!"

மூன்றே எழுத்து. ஆனால் அந்த மூன்றெழுத்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவிலே, கொடியேற்று விழா முடிந்து குழந்தைகள் மிட்டாய்க்குக் கை நீட்டிக்கொண்டிருந்த வேளையிலே, எழுபதை நெருங்கும் முதியவர் ஒருவரின் முகத்தில் அறையப்பட்டபோது, கூட்டம் வாயடைத்து நின்றது.

கொடியேற்றியவர் அந்த முதியவர்தான். ஓய்வுபெற்ற அவில்தார். 1987-ல் இலங்கை சென்ற இந்திய அமைதிப் படையிலே ஒருவர். ஓய்வுக்குப்பின், நம் பகுதியிலே முன்னாள் படைவீரர் எத்தனையோ பேர் செய்வதுபோல, தொழிற்சாலை வாயிலிலே காவலராக நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். "ஐயா, இரண்டு சொல் பேசுங்கள்" என்றனர். வழக்கமான வாழ்த்துரையை எதிர்பார்த்தனர். அவரோ வேறு பேசினார்.

"யாழ்ப்பாணத்திலே நான் கண்டதை இதுவரை என் வீட்டாரிடம்கூடச் சொன்னதில்லை. அமைதி காக்கப் போகிறோம் என்று அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், எங்கள் மொழியிலேயே அழுத தாய்மார்களின் வாசலிலே துப்பாக்கியுடன் நின்றோம். அந்தப் போர் வேண்டாத போர். போனவர்கள் கோழைகளல்லர்; போகச் சொன்னவர்களே தவறு செய்தார்கள்" என்றார். அவ்வளவே.

கூட்டத்திலே மற்றொரு முன்னாள் வீரர் இருந்தார். ஆவடியிலே வாழ்பவர்; அதே களத்திலே நின்றவர்; அருகிலே நின்ற நண்பனை அங்கே புதைகுண்டுக்குப் பறிகொடுத்தவர். அவர் எழுந்தார். "மாண்ட நம் தோழர்களை மறுபடியும் கொன்றுவிட்டாயே! துரோகி!" என்றார். சொன்னவர் கண்களிலும் நீர். கேட்டவர் கண்களிலும் நீர்.

மறுநாள் வகுப்பறை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். அம்முதியவரின் பேரன். "ஐயா, நீங்கள் வரலாறு சொல்லித் தருகிறீர்கள். சொல்லுங்கள். என் தாத்தா கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்தவரா?" என்று கேட்டான்.

போர்களின் ஆண்டுகளைக் கரும்பலகையிலே எழுதத் தெரிந்த எனக்கு, இந்தக் கேள்விக்கு விடையெழுதத் தெரியவில்லை. பாடநூலிலே அது இல்லை. எனவே தேடினேன். தேடிக் கண்டதை இங்கு எழுதுகிறேன்.

படை வாழும் ஊர்கள்

எங்கோ நடந்ததைப்பற்றி எவரோ எழுப்பும் வினா அன்று இது. சென்னையின் மேற்குப் புறம் முழுவதும் படையின் நிழல் படிந்த பூமி. பூவிருந்தவல்லி, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் காலத்திலேயே படைமுகாம் அமைந்த ஊர். ஆவடியோ, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைக்கலக் கிடங்காக விளங்கி, 1961-ல் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தபின், 1965-ல் 'விஜயந்தா' டாங்கியை ஈன்றெடுத்த ஊர். அங்கே சீருடை தைக்கும் தொழிற்சாலையும் உண்டு, சீருடை அணிந்தோரின் குடியிருப்புகளும் உண்டு. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே நகருக்குள் சென்றால் அரும்பாக்கம். அங்கே படைவீரர் குடும்பங்கள் வாழும் குடியிருப்புக்குப் 'பரமேஸ்வரன் விகார்' என்று பெயர். மேஜர் இராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையிலே, மார்பிலே குண்டு பாய்ந்த பின்னும் தம் வீரருக்கு ஆணையிட்டபடியே மாண்ட தமிழர். இறந்தபின் பரம் வீர் சக்கரம் பெற்றவர்.

இதே மேற்குப் புறத்திலே, செங்குன்றம் சாலையிலே சற்றுத் தொலைவு சென்றால் புழல், காவாங்கரை. அங்கே ஈழத்திலிருந்து ஓடிவந்தோரின் முகாம். பூவிருந்தவல்லியிலோ ஈழத்தமிழரை அடைத்துவைத்த 'சிறப்பு முகாம்' ஒரு காலத்திலே இருந்தது.

ஆக, அந்தப் போரிலே சுட்டவரும் இங்கே வாழ்கின்றனர். சுடப்பட்டோரின் சுற்றமும் இங்கே வாழ்கிறது. இருசாராரின் பேரப்பிள்ளைகளும் ஒரே பேருந்திலே பள்ளிக்கு வருகின்றனர். அந்த வினா நம் தெருவிலே எழாமல் வேறு எந்தத் தெருவிலே எழும்?

குற்றச்சாட்டு என்ன?

'துரோகி' என்றவரை நாம் இகழ்ந்து ஒதுக்கிவிட இயலாது. அவர் வெறியர் அல்லர். அவர் தரப்பை நேர்மையாக எடுத்துவைப்போம்.

படை என்பது நம்பிக்கையால் கட்டப்பட்டது. இரவிலே ஒருவன் உறங்க, ஒருவன் விழித்திருக்கிறான். உறங்குபவன் விழித்திருப்பவனை நம்பியே கண் மூடுகிறான். அந்த நம்பிக்கை களத்தோடு முடிவதில்லை. கல்லறை வரை தொடர்வது. "அந்தப் போர் வீண்" என்று ஒருவன் கூறும்போது, மகனை இழந்த தாய்க்கு அது எப்படிக் கேட்கும்? "உன் மகன் வீணாகச் செத்தான்" என்றல்லவா கேட்கும்! "அங்கே தகாதன நடந்தன" என்று கூறும்போது, தகாதது எதுவும் செய்யாத ஆயிரவர் மீதும் அந்தக் கறை தெறிக்காதா? பகைவன் அந்தச் சொல்லை எடுத்துத் தன் முரசிலே தட்டமாட்டானா? இவையே அவர் கேட்பவை.

இவற்றிலே ஒன்றும் அற்பமானதன்று. ஆகவேதான் வரலாற்றிடம் செல்லவேண்டியிருக்கிறது.

எது காட்டிக்கொடுத்தல்?

முதலில் வேலூருக்குச் செல்வோம். 1806 சூலை 10. தோடு களை, திருநீறு அழி, தாடி மழி, புதுத் தலைப்பாகை அணி என்ற ஆணைகளால் குமுறிய சிப்பாய்கள், விடியுமுன் கோட்டையைக் கைப்பற்றிய நாள். அந்நாளுக்குச் சில கிழமைகளுக்கு முன்பே, முஸ்தபா பேக் என்ற சிப்பாய், வெள்ளைத் தளபதி ஃபோர்ப்ஸிடம் சென்று, தன் தோழர்கள் திட்டமிடுவதைக் கூறிவிட்டான். விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே விடப்பட்டது. அவர்களோ, "இவன் பைத்தியக்காரன்" என்று கூறி அவனையே சிறையிலடைக்கச் செய்தனர். எழுச்சி வெடித்தது, ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி அதனை நசுக்கினான், சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அதன்பின் முஸ்தபா பேக்குக்குக் கம்பெனியார் பரிசளித்தனர்.

இதற்குப் பெயர் காட்டிக்கொடுத்தல். ஏன்? தோழர் அறியாமல் சென்றான். ஆள்வோன் காதிலே மட்டும் ஓதினான். அவன் சொல்லால் கழுத்திழக்க இருந்தவர் தோழர். பரிசு பெற்றவன் அவன். இந்த நான்கு அடையாளங்களை நினைவிலே வைத்துக்கொள்வோம். இதை உரைகல்லாக வைத்து, ஊரறியப் பேசிய வீரர்களை உரைத்துப் பார்ப்போம்.

கல்லும் பரணியும்

போரிலே வென்றவனே போருக்கு எதிராகப் பேசிய முதற்பெரும் சான்று, அசோகனின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு. கலிங்கத்திலே ஒன்றரை இலட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டனர், ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் பின்னர் மாண்டனர் என்று, வென்ற மன்னன் தானே கணக்கெழுதித் தன் துயரத்தையும் அதனருகே வெட்டினான். அவன் படைவீரர் எவரும் அதனால் இழிவடைந்ததாக வரலாறு கூறவில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. கலிங்க மண்ணிலே உள்ள தவுளி, ஜௌகடா பாறைகளிலே அந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு இல்லை! வருந்தியவனுக்கும், தன்னால் வருந்தியோர் முகத்துக்கு நேரே அதனைக் கூறத் துணிவு வரவில்லை போலும்.

அதே கலிங்கத்தின்மீது, பல நூற்றாண்டுகளுக்குப் பின், முதற்குலோத்துங்கன் காலத்திலே கருணாகரத் தொண்டைமான் படை நடத்திச் சென்றான். நம் செயங்கொண்டார் பரணி பாடினார். பேய்கள் கூழ் அட்டு உண்டு களித்தன! தமிழ்ச் சுவையிலே அப்பரணிக்கு இணையில்லை. ஆனால் அங்கே மாண்ட கலிங்கத்துத் தாயின் மகன் எத்தனை பேர்? தமிழ்த்தாயின் மகன் எத்தனை பேர்? பரணியிலே பேய்க்குப் பேச்சு உண்டு. களத்திலே நின்ற காலாட்படையானுக்குப் பேச்சு இல்லை. நாம் நெடுங்காலமாகப் பரணியைப் படித்துப் பழகியவர்கள். ஆகவேதான், காலாட்படையானே எழுந்து பேசும்போது நமக்குத் திடுக்கிடுகிறது.

பெஷாவர் முதல் வாஷிங்டன் வரை

1930 ஏப்ரல் 23. பெஷாவர் நகரிலே, ஆயுதமற்ற பட்டாணியர் கூட்டத்தைச் சுடுமாறு ஆணை. கார்வாலி படைப்பிரிவின் சந்திர சிங் என்பாரும் அவருடன் நின்ற வீரரும் மறுத்தனர். வெள்ளையர் அதனைத் துரோகம் என்றனர், சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை, 1941-ல்தான் வெளிவந்தார். வெள்ளையர் மட்டுமா? அறவழி போதித்த காந்தியாரே, பிரெஞ்சுச் செய்தியாளர் ஒருவருக்கு அளித்த பேட்டியிலே, ஆணையை மீறிய சிப்பாய் தன் உறுதிமொழியை மீறியவனாவான் என்று கூறினார்! ஆள்வோருக்கும், ஆளவிருப்போருக்கும்கூட, வாய் திறக்கும் சிப்பாய் என்றால் அச்சம். ஆனால் இன்று கார்வால் மக்கள் எவரைப் போற்றுகின்றனர்? சுட்டவர்களையா, சுட மறுத்தவரையா? சந்திர சிங்கின் பெயரோடு அப்படைப்பிரிவின் பெயரும் சேர்ந்தல்லவா உயர்ந்தது!

1917 சூலை. முதல் உலகப் போர். வீரத்துக்காக இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்ற ஆங்கில அதிகாரி சீக்ஃபிரீட் சசூன், இப்போர் தேவையின்றி நீட்டிக்கப்படுகிறது என்று அறிக்கை விடுத்தார். படையினர் சார்பிலேயே பேசுவதாகவும், போர் நடத்தும் முறையை அன்று, வீரர்களைப் பலியிடும் அரசியல் பிழையையே எதிர்ப்பதாகவும் கூறினார். சூலை 30-ல் அது பாராளுமன்றத்திலே படிக்கப்பட்டது. அரசு என்ன செய்தது? வழக்கு நடத்தினால் வீரன் பேச்சு நாடெங்கும் பரவும். ஆகவே, "இவருக்கு நரம்புத் தளர்ச்சி" என்று மருத்துவமனைக்கு அனுப்பிற்று. வேலூரிலே பைத்தியம் என்றது போலவே இங்கும்! ஆனால் அதன்பின் சசூன் செய்தது என்ன தெரியுமா? தம் வீரர் களத்திலே இருக்கத் தாம் மருத்துவமனையிலே இருக்கப் பொறாமல், மீண்டும் களம் சென்றார். 1918 சூலையிலே தலையிலே குண்டடி பட்டார். போரை எதிர்த்த அதே மனிதர், தோழரைக் கைவிடவில்லை. போரை வெறுப்பதும் தோழனை நேசிப்பதும் ஒரே நெஞ்சிலே வாழமுடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1968 மார்ச் 16. வியட்நாமில் மைலாய் சிற்றூர். அமெரிக்கப் படையினர் சிலர் முதியோரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்று குவித்துக்கொண்டிருந்தனர். இறந்தோர் 347 என்பது அமெரிக்கக் கணக்கு, 504 என்பது வியட்நாமியர் கணக்கு. வானிலே பறந்துகொண்டிருந்த ஹியூ தாம்சன் என்ற ஹெலிகாப்டர் ஓட்டி, தம் ஊர்தியை மக்களுக்கும் படைக்கும் நடுவிலே இறக்கி, எஞ்சியோர் சிலரைக் காத்தார். கண்டதை மேலிடத்திலே கூறினார். நாடு திரும்பியபின் அவரைத் துரோகி என்றோர் பலர். முப்பது ஆண்டு கழித்து, 1998-ல், அதே அமெரிக்கப் படை அவருக்குப் பதக்கம் அணிவித்தது.

1971 ஏப்ரலிலே, அப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் வாஷிங்டனிலே திரண்டனர். 22-ஆம் நாள், பதக்கங்கள் பெற்ற கடற்படை அதிகாரி ஜான் கெர்ரி, செனட் குழுவின் முன்னே போரை எதிர்த்துச் சாட்சி கூறினார். மறுநாள், வீரர் நூற்றுக்கணக்கானோர் தம் பதக்கங்களை நாடாளுமன்றப் படிக்கட்டிலே வீசியெறிந்தனர். முப்பத்துமூன்று ஆண்டு கழிந்து, 2004-ல், கெர்ரி அதிபர் தேர்தலிலே நின்றபோது அந்தப் பழைய சொற்கள் அவரைத் துரத்தின. வியட்நாமிலே சிறைப்பட்டிருந்த சில வீரர்கள், "உன் சொற்கள் சிறையிலே எங்களுக்கு எதிராகவே பயன்பட்டன" என்று விளம்பரங்களிலே தோன்றிக் குற்றம் சாட்டினர்.

இதுதான் அக்குற்றச்சாட்டின் மிக வலிமை வாய்ந்த வடிவம். சிறையிலே வாடியவன் வேதனையை வாதத் திறமையால் மறைக்கக்கூடாது. அந்த வேதனை மெய். ஆனால் அச்சிறையின் கதவு எப்போது திறந்தது? 1973-ல், பாரிஸ் உடன்பாட்டால் அமெரிக்கா போரிலிருந்து விலகியபோது! போர் நீள நீளச் சிறையும் நீண்டது. போரை முடி என்று கேட்டவன், சிறைக் கதவைத் திற என்றும் கேட்டவனே அல்லவா?

யாழ்ப்பாணம்

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1987 சூலை 29-ல், கொழும்பிலே இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் உடன்பாட்டிலே கையெழுத்திட்டனர். அடுத்த நாளே இந்தியப் படை பலாலியிலே இறங்கத் தொடங்கிற்று. மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். ஆகஸ்டிலே மாலை, செப்டம்பரிலே திலீபன் நீரும் அருந்தாது உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார், அக்டோபர் 5-ல், பிடிபட்ட புலிகள் பன்னிருவர் நஞ்சருந்தி மாண்டனர், அக்டோபர் 10-ல் போர்! அமைதிப் படை, பெயரிலே மட்டும் அமைதியை வைத்துக்கொண்டு, கையிலே பீரங்கியை எடுத்தது.

அனுப்பியோர் என்ன எண்ணினர்? அன்று கொழும்பிலே இந்தியத் தூதராயிருந்த ஜே.என். தீட்சித், 1998-ல் வெளியிட்ட நூலிலே எழுதுகிறார்: புலிகளுடன் மோதவேண்டி வந்தால் இரண்டு வாரங்களிலே முடித்துவிடலாம் என்று படைத்தலைமை கூறியதாம். இரண்டு வாரம்! ஆனது இரண்டரை ஆண்டு. ஒரு டிவிஷனுடன் சென்ற படை நான்கு டிவிஷன்களாகப் பெருகிற்று. மாண்ட இந்திய வீரர் ஏறத்தாழ 1,200 பேர். ஈழமக்களின் இழப்போ அதனினும் பெரிது.

அக்டோபர் 11-12 நள்ளிரவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்திலே, புலித் தலைவரைப் பிடிக்க ஹெலிகாப்டர்களிலே வீரரை இறக்கினர். செய்தி முன்னரே புலிகளுக்குத் தெரிந்திருந்தது. சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பது பேர் இறங்கினர்; அவர்களுக்குத் துணை வரவேண்டியவர் வந்து சேர இயலவில்லை. விடிந்தபின்னும் போரிட்டனர். இருபத்தொன்பது பேர் மாண்டனர். ஒருவர் சிறைப்பட்டார். இவர்களைக் கோழை என்று எவன் கூறுவான்? ஆனால் அந்த மைதானத்துக்கு அவர்களை அந்த இரவிலே அனுப்பியது அறிவுடைமை என்று எவன் கூறுவான்?

அக்டோபர் 21, தீபாவளி நாள். படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்தது. மருத்துவர் மூவர், செவிலியர், ஊழியர், நோயாளர் என 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இருதரப்புச் சுடுதலிலே சிக்கியோர் என்றது படைத்தரப்பு. உள்ளே பிணங்களுக்கிடையே பிணம்போல் கிடந்து பிழைத்தோர் வேறு கூறினர். 1989 ஆகஸ்ட் 2-ல் வல்வெட்டித்துறை: வீரர் அறுவர் தாக்குதலிலே மாள, அதன்பின் ஊர்மக்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதனை 'இந்தியாவின் மைலாய்' என்றார். பிற்காலத்திலே இந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக வந்தவரும் அவரே.

இவற்றைக் கண்டவர் வாய் திறந்தனரா? திறந்தனர், தாமதமாக, தத்தம் முறையிலே. படையின் ஒட்டுமொத்தத் தலைமையேற்றிருந்த லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங்கும், யாழ்ப்பாணத்திலே டிவிஷன் நடத்திய எஸ்.சி. சர்தேஷ்பாண்டேயும் 1990-களின் தொடக்கத்திலேயே நூல் எழுதினர். குறிக்கோள் தெளிவின்றி, போதிய உளவின்றிப் படை இறக்கப்பட்டதை எழுதினர். முதலில் சென்ற 54-ஆம் டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் 2007-ல் எழுதியதோ நாட்டையே அதிரவைத்தது. 1987 செப்டம்பர் நடுவிலே, போர் மூளுமுன், பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ வேண்டுமென்று தூதர் தீட்சித் தம்மிடம் கூறியதாகவும், வெள்ளைக்கொடியின்கீழ் வருபவனை முதுகிலே சுடுவது படைக்கு அழகன்று என்று தாம் மறுத்ததாகவும், மேலதிகாரி தீபிந்தர் சிங்கும் அம்மறுப்பை ஆதரித்ததாகவும் அவர் எழுதினார்.

வரலாற்று மாணவன் ஒன்றைக் கூறியாக வேண்டும்: அந்நூல் வெளிவந்தபோது தீட்சித் உயிருடன் இல்லை; 2005-லேயே மறைந்துவிட்டார். ஆகவே இது ஒருதரப்புச் சாட்சி. ஆனால் இச்சாட்சியால் இழிவடைந்தவர் யார்? தளபதியின்கீழ் நின்ற வீரரா? இல்லை! "எங்கள் படை முதுகிலே சுடாது" என்று கூறியவன், தன் தோழர்களின் மானத்தைக் காத்தவனல்லவா?

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. தளபதிகள் நூல் எழுதினர். அவர்களை எவரும் தெருவிலே மறித்துத் துரோகி எனவில்லை. ஓர் அவில்தார் மிட்டாய் மேசையருகே மூன்று வாக்கியம் பேசினார், அவருக்குத்தான் அப்பட்டம்! பதவி உயர்ந்தால் 'நினைவுக் குறிப்பு', பதவி தாழ்ந்தால் 'துரோகம்'. சொல்லிலும் வருணாசிரமமா?

துறைமுகத்திலே...

1990 மார்ச் 24. கடைசிப் பிரிவும் இலங்கையை விட்டுப் புறப்பட்டது. கப்பல்கள் சென்னைத் துறைமுகம் வந்தன. முதலமைச்சராயிருந்த கலைஞர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படைக்கு வரவேற்பில்லை என்பது அவர் நிலை. அன்றைய தமிழகத்திலே பெரும்பாலோர் உள்ளத்திலிருந்த குமுறலின் வெளிப்பாடே அது. போரை எதிர்ப்போர், அப்படையின் ஆங்கில முதலெழுத்துகளுக்கு 'அப்பாவி மக்களைக் கொல்லும் படை' என்று புதிய விரிவு கூறிய காலம் அது.

அந்த மறுப்பு போரைப் பற்றிய தீர்ப்பு. அத்தீர்ப்பிலே தவறு காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய இருபத்தைந்து வயது வீரனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? டில்லியிலே முடிவெடுத்தவர் எவரும் அந்தக் கப்பலிலே வரவில்லை. வந்தவன் அவன்தான். புறக்கணிப்பை ஏற்றவனும் அவன்தான். "எங்களை அனுப்பினார்கள், போனோம். நண்பனை இழந்தோம்; திரும்பினோம். துறைமுகத்திலே ஒருவர்கூட இல்லை." ஆவடி முதியவரின் கோபத்துக்கு அடியிலே கிடப்பது இந்த முப்பதாண்டுக்கும் மேலான புண். அந்தப் புண்ணைப் புரிந்துகொள்ளாமல் அவரை நாம் விடையளித்து வாயடைத்தால், வாதத்திலே வெல்வோம், நெஞ்சிலே தோற்போம்.

ஒரு வகையிலே, அன்று கலைஞர் வெளியிலிருந்து கூறியதை, அம்பத்தூர் அவில்தார் உள்ளிருந்து கூறினார். வெளியிலிருந்து கூறும்போது அது வீரனுக்குப் பழியாகப் படுகிறது. உள்ளிருந்து கூறும்போது அது பழி நீக்கமாகிறது. "போகச் சொன்னவர் தவறினர், போனவர் கோழைகளல்லர்" என்று பிரித்துக்காட்ட, போனவனுக்கே உரிமை அதிகம்.

துரோகி என்ற சொல்

அந்தச் சொல்லை நாம் இனியாவது அளந்து பேசவேண்டும். தமிழினம் அச்சொல்லுக்குக் கொடுத்த விலை கொஞ்சமா? 1975-ல் யாழ்ப்பாண நகரத் தந்தை துரையப்பா 'துரோகி' என்று சுடப்பட்டார். அதன்பின் விளக்குக் கம்பங்களிலே எத்தனை உடல்கள். எத்தனை மார்பிலே அந்த அட்டை! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வருள் ஒருவர். இந்தியப் படை செய்ததையும் எழுதினார். இயக்கங்கள் செய்ததையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21-ல், மிதிவண்டியிலே வீடு திரும்புகையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்புக்கும் உண்மை கூறியவருக்கு எந்தத் தரப்பிலும் காவல் இல்லை.

ஆகவே, வேலூர் உரைகல்லை மீண்டும் எடுப்போம். அவில்தார் மறைவிலே பேசினாரா? கொடிமரத்தின்கீழ், ஊர் முன்னிலையிலே பேசினார். அவர் சொல்லால் எந்தத் தோழனின் உயிருக்காவது ஊறு நேர்ந்ததா? போர் முடிந்து ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. அவருக்குப் பரிசு கிடைத்ததா? கிடைத்தது, ஒரே ஒரு வசைச்சொல். பழியைத் தோழர்மீது தள்ளித் தான் தப்பினாரா? "நின்றோம்" என்றார், "நின்றார்கள்" எனவில்லை. நான்கிலும் அவர் முஸ்தபா பேக்குக்கு எதிர்த்திசையிலே நிற்கிறார்.

பேசும் வீரர் எல்லாரும் இதிலே தேறிவிடுவர் என்றும் நான் கூறவரவில்லை. காணாததைக் கண்டதாகக் கூறுபவன், மேலே இருந்தவரைத் தப்பவிட்டுக் கீழே இருந்தவனை மட்டும் காட்டுபவன், தன் பங்கை மறைத்துப் பிறர் பங்கை மட்டும் விரிப்பவன், களத்திலே தோழர் நிற்கும்போதே அவர் நிற்குமிடத்தைப் பகைவனுக்குக் கூறுபவன் ஆகியோர் துரோகிகளே. ஆனால் போரைப்பற்றித் தீர்ப்புக் கூறுவதும், தோழரைக் காட்டிக்கொடுப்பதும் வேறு வேறு. வீரம் வீரனுக்கு உரியது. போர் அனுப்பியவருக்கு உரியது. பரமேஸ்வரனின் மார்பிலே பாய்ந்த குண்டும், அப்போது அவர் காட்டிய துணிவும், அந்தப் போர் தவறு என்பதால் ஓர் எள்ளளவும் குறையா. 2019-ல் டில்லியிலே திறந்த போர் நினைவிடத்திலும், கொழும்பை அடுத்துள்ள நினைவுத் தூணிலும் பொறித்த பெயர்கள் அழியா. ஆனால், அப்பெயர்களுக்கு அருகே, "இவர்கள் ஏன் அனுப்பப்பட்டனர்?" என்ற கேள்வியை எழுப்ப ஆளில்லாமற்போனால், அடுத்த கல்லுக்கு அடுத்த பெயர்ப்பட்டியல் தயாராகும். மகனை இழந்த தாய்க்கு நாம் செய்யத்தக்க மரியாதை, அவள் மகன் மாண்ட போர் நன்றென்று பொய் கூறுவதா? அப்படி இன்னொரு தாய் அழாதிருக்கச் செய்வதா?

வள்ளுவர் படைமாட்சி பாடினார்; படைச்செருக்கும் பாடினார். அவரே, இடித்துக் கூறும் பெரியாரைத் துணையாகக் கொள்ளாத ஆட்சியின் கேட்டையும் கூறினார். களம் கண்டு திரும்பியவனைவிட இடித்துக் கூறத் தகுதி வாய்ந்தவன் எவன்?

மாணவனுக்கு விடை

இவ்வளவையும் வகுப்பறையிலே கூறமுடியுமா? இயன்றதைக் கூறினேன். கூறி முடித்தபோது, பின்வரிசையிலே ஒரு மாணவி எழுந்தாள். காவாங்கரை முகாமிலிருந்து வருபவள். அதிகம் பேசாதவள்.

"ஐயா, எங்கள் அம்மம்மா யாழ்ப்பாணத்திலே நடந்ததைச் சொல்லுவார். நான் இங்கே தோழிகளிடம் சொன்னால், 'நம் படை அப்படிச் செய்யுமா, நீ பொய் சொல்கிறாய்' என்பார்கள். அந்தத் தாத்தா பேசிய பிறகு எவரும் அப்படிச் சொல்வதில்லை" என்றாள்.

வகுப்பு அமைதியாயிற்று. அவில்தாரின் பேரன் திரும்பி அவளைப் பார்த்தான். நான் தேடிய விடையை எனக்கு முன்பே அவள் எழுதிவிட்டாள். ஒரு முதியவர் வாய் திறந்ததால் மாண்ட வீரன் எவனும் மறுபடி மாளவில்லை. உயிரோடிருந்த ஒரு சிறுமி, பொய்யள் என்ற பழியிலிருந்து மீண்டாள்.

ஆவடி முதியவரிடம் ஒருநாள் சென்று இதனைக் கூறவேண்டும். வாதாட அல்ல. துறைமுகத்திலே அன்று அவருக்குக் கிடைக்காத ஒரு குவளைத் தேநீரை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் இழந்த நண்பனைப்பற்றி முதலில் கேட்டுவிட்டு, அதன்பின்!